பென்சிலில் 1942 என்று எழுதியிருந்தால் அது 1942ஆம் ஆண்டு பிரிண்டா?

கேள்வி: ஓவியர் பீட் மோன்ட்ரியான் தன் ஸ்டூடியோவில் ஈசல் (ஓவியத்தை நிறுத்திவைத்து வரையும் தாங்கி) அருகே நிற்கும் கருப்பு வெள்ளைப் படம், அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்னால்ட் நியூமன் எடுத்தது, ஒரு பிரிண்ட் எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. தாள் சுமார் 11×14 அங்குலம். விளிம்பே இல்லாமல் வெட்டி, தடித்த அட்டையில் முழுசாக ஒட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே அட்டையில் பென்சிலில் கையெழுத்தும் 1942 என்ற ஆண்டும் இருக்கின்றன. அட்டையின் பின்பக்கம் நியூயார்க் முகவரியுடன் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். முகவரியின் முடிவில் ஐந்து இலக்க எண். சாய்த்துப் பார்த்தால் கருமையான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிகிறது. அதுவே வின்டேஜ் பிரிண்ட் என்பதற்குச் சான்று என்கிறார் விற்பவர். நம்பலாமா? அட்டை ஓரம் பழுப்பேறுவதால் படத்தைப் பிரித்துப் புது அட்டையில் ஒட்டலாமா? இப்போதைய ஃப்ரேமில் கண்ணாடி நேராகப் படத்தின் மேல் படிந்திருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், 1942இல் அச்சிட்ட பிரிண்டுக்கான விலையை இதற்குக் கொடுக்காதீர்கள். போலி என்று சொல்ல வரவில்லை. நியூமனின் கையெழுத்துள்ள, பிந்தைய காலத்து நல்ல பிரிண்டாக இது இருக்கலாம். அதற்கும் வாங்குவோர் உண்டு. ஆனால் ஒரே நெகட்டிவிலிருந்து வந்த இரண்டு பிரிண்ட்களில், எடுத்த காலத்திலேயே அச்சானதற்கும் முப்பது நாற்பது வருடம் கழித்து அச்சானதற்கும் சந்தையில் விலை பல மடங்கு வித்தியாசப்படும். விற்பவர் கேட்பது முதல் வகையின் விலை. அவர் காட்டும் சான்றுகள் அந்த விலையைத் தாங்கவில்லை.

குழப்பத்தின் வேர் அந்தப் பென்சில் ஆண்டுதான். புகைப்படக்காரர்கள் பிரிண்டில் எழுதும் ஆண்டு பெரும்பாலும் படம் எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு அல்ல. மோன்ட்ரியான் 1940இல் நியூயார்க் வந்தார், 1944 பிப்ரவரியில் இறந்தார். நியூமன் அவரை எடுத்தது 1942இல். நியூமன் வாழ்ந்தது 2006 வரை. நெகட்டிவ் கையில் இருந்த அந்த 64 ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பிரிண்ட் போட்டு, கீழே 1942 என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழில் வழக்கமே அதுதான். அந்த எண்ணைப் படித்துவிட்டு ‘1942ஆம் ஆண்டு பிரிண்ட்’ என்று விற்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

வின்டேஜ் என்பதற்குச் சட்ட விளக்கம் கிடையாது. படம் எடுத்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்குள், புகைப்படக்காரரே அல்லது அவர் மேற்பார்வையில் அச்சிட்டது என்று வியாபாரத்தில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் ஒன்றிரண்டு ஆண்டு என்று கறாராகச் சொல்வார்கள். அதற்குப் பின் அவர் வாழ்நாளில் அச்சானது ‘பிந்தைய பிரிண்ட்’. இறந்த பிறகு வாரிசுகளோ அறக்கட்டளையோ போடுவது எஸ்டேட் பிரிண்ட். நல்ல ஏல நிறுவனத்தின் கேட்டலாக்கில் ‘1942, பிற்காலத்தில் அச்சிட்டது’ என்று இரண்டு செய்தியும் சேர்ந்தே வரும். ‘1942, ஜெலட்டின் சில்வர் பிரிண்ட்’ (ஜெலட்டின் படலத்தில் வெள்ளித் துகளால் உருவாகும், டார்க்ரூமில் போடும் பிரிண்ட்) என்று மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால், எப்போது அச்சிட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

இனி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மிக நல்ல துப்பு: ஸ்டாம்பில் உள்ள ஐந்து இலக்க எண். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு நடைமுறைக்கு வந்தது 1963 ஜூலை 1இல். அதற்கு முன், 1943இலிருந்து, பெரிய நகரங்களில் ஓரிலக்க அல்லது ஈரிலக்க மண்டல எண் இருந்தது. அது நகரப் பெயருக்கும் மாநிலப் பெயருக்கும் நடுவில், ‘நியூயார்க் 23, என்.ஒய்.’ என்ற பாணியில் வரும். 1942இல் செய்த ஸ்டாம்பாக இருந்தால் இந்த இரண்டு எண்ணுமே இருக்காது. ஆக, உங்கள் அட்டையில் அந்த ஸ்டாம்பைக் குத்தியது 1963க்குப் பிறகு. விற்பவர் உடனே, ‘பிரிண்ட் பழசு, ஸ்டாம்ப் மட்டும் பிறகு குத்தியது’ என்பார். நடக்கக்கூடியதுதான். பழைய பிரிண்ட்கள் ஸ்டூடியோ இழுப்பறையில் கிடந்து, விற்கும் நாளில் கையெழுத்தும் ஸ்டாம்பும் வாங்கியது உண்டு. எனவே ஸ்டாம்ப் மட்டும் பிரிண்டின் வயதைத் தீர்த்துவைக்காது. ஆனால் 1942 என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது அவர் தலையில் ஏறுகிறது. ‘பளபளப்பு இருக்கிறதே’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

பிரிண்டை நேரில் பார்க்க வாய்ப்புக் கேளுங்கள். ஃப்ரேமைத் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் உங்கள் விஷயத்தில் அதுதான் அவசரம். ஃப்ரேமை ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் பட்டதுபோல் கருத்து, மற்ற இடத்தைவிட அழுத்தமாகத் தெரியும் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் படத்தின் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜெலட்டின் ஈரக்காற்றில் உப்பும், பசைபோல இளகும். காயும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கண்ணாடியைத் தூக்கினால் முகமோ கையோ கண்ணாடியோடு வந்துவிடும். திட்டு இருந்தால் திறக்காமல் புகைப்படப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். திட்டு இல்லையென்றால் ஃப்ரேமைக் கவிழ்த்து வைத்துப் பின்பலகையை எடுத்து, அட்டையை இரண்டு கையாலும் தாங்கி வெளியே எடுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், இல்லையென்றால் கழுவி நன்றாகத் துடைத்த கை. நூல் கையுறை வழுக்கும், நூலிழை ஓரத்தில் மாட்டும். பக்கத்தில் பேனா, டீ, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் கருப்பையும் மிக வெள்ளையையும் விட்டுவிட்டு, நடுத்தரச் சாம்பல் இடத்தைப் பாருங்கள்: கன்னம், கோட்டின் மடிப்பு, நிழல் விழுந்த சுவர். ஒரே ஒழுங்கில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த பக்கம். புத்தகத்திலிருந்தோ போஸ்டரிலிருந்தோ வெட்டியது. ஒழுங்கில்லாமல் தூவிய நுண்புள்ளிகள், அதிலும் ஒன்றிரண்டு நீலமோ சிவப்போ தென்பட்டால் இங்க்ஜெட். ஜெலட்டின் சில்வர் பிரிண்டில் புள்ளியே இருக்காது. சாம்பல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும், நெகட்டிவின் மணித்துகள் மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த மணித்துகளும் ஒரு சேதி சொல்லும். 4×5 அங்குல நெகட்டிவை முழுசாக 11×14க்குப் பெருக்கினால் பெருக்கம் மூன்று மடங்கைத் தாண்டாது, ஆகவே துகள் கண்ணில் படுவதே அரிது. அப்படிப்பட்ட பெரிய நெகட்டிவிலிருந்து வந்ததாகச் சொல்லும் பிரிண்டில் மணல் தூவியதுபோல் துகள் திரண்டு நின்றால், இது பிரிண்டைப் படமெடுத்து, அந்த நகல் நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டாக இருக்கலாம்.

நகல் பிரிண்டைப் பிடிக்க இன்னொரு நல்ல வழி ஸ்பாட்டிங். டார்க்ரூமில் தூசி விழுந்து வெள்ளைப் புள்ளியான இடங்களை நுனித் தூரிகையால் சாயம் வைத்து மூடுவார்கள். டார்ச்சைப் படத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி விழும்படி பிடித்துப் பார்த்தால், கையால் வைத்த சாயம் பல நேரம் சுற்றியுள்ள பளபளப்பிலிருந்து கொஞ்சம் மங்கித் தனியே தெரியும். சாயம் வைத்த தடம் படத்தில் நன்றாகத் தெரிகிறது, ஆனால் எந்தக் கோணத்திலும் மேற்பரப்பில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அந்தத் தடம் அசல் பிரிண்டில் இருந்தது, உங்கள் தாளில் அதன் படம்தான் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மடிப்புக் கோடுகளும் கீறல்களும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்கும் பக்கவாட்டு ஒளிக்கும் தட்டுப்படாவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் குறிப்பிட்ட படத்தில் இன்னோர் இடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். மோன்ட்ரியான் தன் ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவர்களில் சிவப்பு, மஞ்சள், நீல, சாம்பல் செவ்வக அட்டைகளை ஒட்டிவைத்து இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர். சூழல் உருவப்படம், அதாவது ஒருவரை அவர் வாழும் அல்லது வேலை செய்யும் இடத்தோடு சேர்த்து எடுக்கும் படம், என்ற வகைக்கே இலக்கணமாக இந்தப் படத்தைச் சொல்கிறார்கள் என்றால், ஈசலின் நேர்க்கட்டையும் குறுக்குக்கட்டையும் அந்தச் செவ்வகங்களும் சேர்ந்து அவருடைய ஓவியம் போலவே சட்டத்தைப் பிரிப்பதால்தான். நல்ல பிரிண்டில் சுவரின் வெள்ளையும் வெளிர்ச் செவ்வகத்தின் சாம்பலும் தனித்தனியாக நிற்க வேண்டும். மஞ்சள் நிறம் பான்க்ரோமேட்டிக் (எல்லா நிற ஒளியையும் உணரும்) கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெளிர் சாம்பலாகத்தான் பதியும். நகலெடுக்கும்போதும், அதிகக் கான்ட்ராஸ்ட்டில் அச்சிடும்போதும் முதலில் காணாமல் போவது இந்த வெளிர் வேறுபாடுகள்தான். வெளிர்ச் செவ்வகங்களின் ஓரம் சுவரில் கரைந்து, கோட்டின் கருமை ஒரே தார்ப் பூச்சாக இருந்தால், அது அசல் பிரிண்டே ஆனாலும் சுமாரான பிரிண்ட். ஓவியர் படத்தில் முகம் மட்டும் நன்றாக இருந்து ஸ்டூடியோ செத்துப்போயிருந்தால் பாதிப் படம்தான் கையில் இருக்கிறது.

படம் ஓரங்களில் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள். நியூமன் எடுத்த படத்தை அச்சிடும்போது தாட்சண்யமின்றி வெட்டுபவர்; 1946இல் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி படத்தையும் 1954இல் எடுத்த பிக்காசோ முகத்தையும் முழு நெகட்டிவோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூக்கி எறிந்திருக்கிறார் என்று புரியும். அவருடைய நெகட்டிவ்கள், கான்டாக்ட் ஷீட்கள் (நெகட்டிவ் அளவிலேயே போட்டுப் பார்க்கும் அச்சுகள்) அடங்கிய ஆவணத் தொகுப்பு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில், ஆஸ்டினில் இருக்கிறது. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளிலும் இந்தப் படம் கிடைக்கும். உங்கள் பிரிண்டின் நான்கு ஓரத்திலும் எது எங்கே வெட்டுப்படுகிறது என்று அவற்றோடு ஒப்பிடுங்கள். எல்லா ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால், பிரிண்டைப் படமெடுத்தபோது ஓரம் வெளியே போயிருக்கலாம் என்று மறுபடி நகல் சந்தேகம் வரும்.

தாளின் வயதுக்கு வருவோம். அட்டையில் ஒட்டிவிட்டதால் தாளின் பின்பக்கம் உங்களுக்குக் கிடைக்காது. அது பெரிய இழப்புதான். தயாரிப்பாளரின் பெயர் பல தாள்களில் பின்னால்தான் அச்சாகியிருக்கும். ‘அக்ஃபா-கெவர்ட்’ என்று சேர்ந்து இருந்தால் தாள் 1964க்கு முந்தையது அல்ல, அந்த இரண்டு நிறுவனங்களும் இணைந்தது அந்த ஆண்டில்தான். உங்களுக்கு மிஞ்சுவது வெட்டிய ஓரம். லூப் வைத்து ஓரத்தைப் பாருங்கள். நார் தெரியும் காகிதம், அதன் மேல் மெல்லிய வெள்ளைப் பேரைட்டா (பேரியம் சல்ஃபேட் பூச்சு) அடுக்கு, அதற்கு மேல் ஜெலட்டின் என்றால் ஃபைபர் தாள். காகிதத்துக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் பளிச்சென்று தெரிந்தால் ஆர்.சி. (ரெசின் பூசிய) தாள், அது பரவலானது 1970களில். ஆர்.சி. என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை. ஃபைபர் என்றால் 1942ஆகவும் இருக்கலாம், 2002ஆகவும் இருக்கலாம்.

அடுத்தது யூ.வி. சோதனை. புகைப்படத் தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வூட்டி ரசாயனங்கள் 1950களின் முதற்பாதியில்தான் தாள்களில் வரத் தொடங்கின. இவை புறஊதா ஒளியில் நீல வெள்ளையாக ஒளிரும். 365 நானோமீட்டர் டார்ச் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 டார்ச் ஊதா வெளிச்சத்தை வாரி இறைத்து எல்லாவற்றையும் ஒளிர்வதுபோல் காட்டும், நம்ப முடியாது. அறையை நன்றாக இருட்டாக்கி, கண்ணுக்கு யூ.வி. தடுப்புக் கண்ணாடி போட்டு, ஒப்பிடுவதற்காகச் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அது பளீரென்று எரியும். பிறகு படத்தின் மிக வெளிர்ந்த இடம், தாளின் வெட்டு ஓரம், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். அட்டை ஒளிர்ந்தால் அட்டையின் வயது தெரியும், படத்துடையது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கங்கே திட்டாக ஒளிர்ந்தால் பசையோ பிற்கால ரீடச்சிங்கோ காரணமாக இருக்கலாம். படத்தின் வெளிர் இடம் முழுக்க ஒரே சீராக நீலமாக ஒளிர்ந்தால் அது 1942இல் அச்சானதல்ல.

ஒளிராவிட்டால்? அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1950களுக்குப் பின் வந்த தாள்களிலும் ஒளிர்வூட்டி சேர்க்காதவை உண்டு. சேர்த்தது வெளிச்சத்தில் மங்குவதும் உண்டு. இந்தச் சோதனை பழையதல்ல என்று நிரூபிக்கும், பழையது என்று நிரூபிக்காது. விற்பவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதை அடிக்கடி பார்க்கிறோம்: ‘யூ.வி.யில் ஒளிரவில்லை, ஆகவே வின்டேஜ்’. 1990களின் கடைசியில் அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் பெயரில் பழைய பிரிண்ட்களாக விற்பனையான பலவற்றின் தாளில் இந்த ஒளிர்வூட்டி இருப்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. ஹைன் 1940இலேயே இறந்தவர். இந்தத் துறையில் தாளைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஊன்றியது அதற்குப் பிறகுதான்.

கையெழுத்தைப் பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். அட்டையில் பென்சில் எழுதினால் நுனி அழுத்திய பள்ளமும், கிராஃபைட்டின் சாம்பல் மினுக்கும் தெரியும். அச்சிட்ட கையெழுத்தில் இரண்டும் இருக்காது. பால்பாயிண்ட் பேனாவில் ஏதாவது குறிப்பு இருந்தால், அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் குறிப்பு அதற்குப் பிறகு எழுதியது, அவ்வளவே. படத்துக்குக் கீழே தள்ளி எழுதிய பென்சில் வரியை அழுக்கு என்று நினைத்து ரப்பர் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. ஒரு ரப்பர் துண்டு விலையைப் பாதியாக்கிவிடும்.

எழுத்துபூர்வமான ஆதாரங்களில் உறுதியானவை எவை என்று கேட்டால், தேதியிட்டு வெளியே போன தடயங்கள்தான். ஒரு பத்திரிகை அலுவலகத்தின் வரவு தேதி ஸ்டாம்ப், பின்னால் ஒட்டிய தலைப்புச் சீட்டு, கண்காட்சி லேபிள், அந்தக் காலத்து விற்பனை ரசீது, நன்கொடைக் கடிதம். பத்திரிகைக்குப் போன பிரிண்ட்களில் மெழுகுப் பென்சிலால் வெட்டுக் குறியும் போட்டிருப்பார்கள். பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்கும், தேதி தகராறே வராது. உங்கள் பிரிண்டில் இவற்றில் எதுவும் இல்லை என்றுதான் தெரிகிறது. விற்பவருக்குக் கிடைத்தது எங்கிருந்து, அவருக்குக் கொடுத்தவருக்கு எங்கிருந்து என்று 1963க்கு முந்தைய காலம் வரையாவது தொடர்ச்சியாகக் கேளுங்கள்.

அந்தப் பளபளப்பு விஷயம். கருமையான இடங்களிலும் ஓரங்களிலும் நீலமாக மின்னுவதைச் சில்வர் மிரரிங் என்பார்கள். காற்றிலுள்ள பெராக்சைடு, கந்தக வாயுக்கள், மட்டமான அட்டையும் மரமும் விடும் ஆவி ஆகியவை படத்திலுள்ள வெள்ளித் துகளை அரிக்கும். அரிபட்ட வெள்ளி அயனியாகி ஜெலட்டின் வழியே மேலே நகர்ந்து, மேற்பரப்பில் மறுபடி உலோகமாகப் படியும். வெள்ளி அதிகமுள்ள கருமையில் முதலில் தெரிவது அதனால்தான். இது படம் வெள்ளியால் ஆனது என்பதற்குச் சான்று, இங்க்ஜெட் இல்லை என்று நிம்மதியடையலாம். வயதுக்குச் சான்றல்ல. சரியாகக் கழுவாத பிரிண்டை மட்டமான பெட்டியில், ஈரமான அறையில் போட்டுவைத்தால் இருபது வருடத்திலேயே வந்துவிடும். லேசாக இருந்தால் விலையைக் குறைக்கும் குறையும் அல்ல. பஞ்சு வைத்துத் துடைத்து எடுக்க முயலாதீர்கள். மேலே இருப்பது படத்திலிருந்து வெளியேறிய வெள்ளிதான், துடைத்தால் ஜெலட்டினும் கீறும்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது வெளிர் இடங்களில் மஞ்சள் பழுப்பு படர்வது. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்சர் கரைசலில் பயன்படும் ஹைப்போ என்ற ரசாயனம் தாளின் நாரில் தங்கிவிட்டால் பின்னாளில் கந்தகமாக மாறி வெள்ளியைத் தின்னும். ஃபைபர் தாளை ஓடும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஹைப்போ நீக்கி பயன்படுத்தினால் இருபது நிமிடமாவது அலச வேண்டும். அவசரத்தில் போட்ட பிரிண்ட்களில் இது தவறிவிடும். இந்தக் கறை பரவுவது நிற்காது, வீட்டு வைத்தியமும் இல்லை. மோன்ட்ரியானின் வெள்ளைச் சுவர் சீராக வெள்ளையாக இருக்கிறதா, ஒரு மூலை மட்டும் தேநீர் நிறமாகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கூடவே பக்கவாட்டு ஒளியில் பிறைநிலா வடிவப் பள்ளங்களையும் தேடுங்கள். ஒற்றைக் கையால் தாளைத் தூக்கும்போது கட்டைவிரல் அருகே மடங்கி விழும் தழும்பு அது.

அட்டையிலிருந்து பிரிக்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். பிரிண்டை டிரை மவுண்ட் டிஷ்யூ (சூட்டில் இளகி ஒட்டும் மெல்லிய தாள்) வைத்து, சூடான பிரஸ்ஸில் அட்டையோடு ஒட்டுவது அந்தத் தலைமுறைப் புகைப்படக்காரர்களின் சாதாரண வழக்கம். அட்டையும் அந்தப் பொருளின் பகுதி. கையெழுத்து அட்டையில் இருக்கிறது. பிரித்தால் கையெழுத்தில்லாத பிரிண்ட் ஒன்றும் பிரிண்ட் இல்லாத கையெழுத்து ஒன்றும் கிடைக்கும். சூடு காட்டிக் கத்தி விட்டுப் பிரிக்கும் வேலையில் ஜெலட்டின் வெடிக்கவும் தாள் மடங்கவும் வாய்ப்பு அதிகம். பழுப்பு அட்டையின் வெளி ஓரத்தோடு நின்றிருந்தால், சுற்றியுள்ள பொருட்களை மாற்றினாலே போதும். அட்டையே நொறுங்கும் அளவுக்கு அமிலமேறியிருந்தால் பாதுகாப்பு வல்லுநர் அட்டையைப் பின்னாலிருந்து செதுக்கி மெல்லியதாக்கலாமா என்று முடிவு செய்வார். ஸ்டாம்ப் பின்னால் இருப்பதால் அதற்கும் முன் யோசனை வேண்டும்.

ஃப்ரேமை மட்டும் உடனே மாற்றுங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விற்பவரிடமும் சொல்லுங்கள். முழுக்கப் பருத்தியாலான, பி.ஏ.டி. சோதனையில் (பொருள் புகைப்படத்துக்குக் கேடு செய்யுமா என்று பார்க்கும் சோதனை) தேறிய போர்டில் ஜன்னல் வெட்டிய மேட், அதாவது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி தரும் அட்டை, வேண்டும். ‘அமிலமற்றது’ என்ற லேபிள் மட்டும் போதாது. சாதாரண நான்கு பிளை (அடுக்கு) போர்டு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உங்கள் அட்டை கொஞ்சம் வளைந்திருந்தால் நடுப்பகுதி கண்ணாடியைத் தொட்டுவிடும். எட்டு பிளை, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் போடுவது நல்லது. ஜன்னலைப் படத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்டாமல், கையெழுத்து முழுசாகத் தெரியும்படி வெளியே தள்ளி வெட்டச் சொல்லுங்கள். பழைய அட்டையை ஒட்டக் கூடாது. காகித மூலைகளோ, ஓரத்தைப் பிடிக்கும் காகிதப் பட்டைகளோ வைத்து நிறுத்தினால் போதும். பிறகு எப்போது வேண்டுமானாலும் தடயமின்றி எடுக்கலாம். செல்லோ டேப், இரட்டைப் பக்க டேப், ஸ்ப்ரே பசை எதையும் ஃப்ரேம் போடுபவர் மேசையில்கூட வைக்க விடாதீர்கள். முன்னால் யூ.வி. வடிகட்டும் அக்ரிலிக். பின்னால் ஈரம் புகாத படலம் ஒன்று.

ஒப்பீட்டு ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் சீராக இருக்கும் உள் சுவரில் மாட்டுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் பக்கத்துச் சுவர் வேண்டாம், நேர் வெயில் வேண்டாம். 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வரும். புதிதாக எண்ணெய் பெயின்ட் அடித்த அறையில் குறைந்தது நான்கு வாரத்துக்கு மாட்டாதீர்கள். காயும் பெயின்ட் விடும் பெராக்சைடு வெள்ளிப் படத்தில் செம்பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். ஓவியரின் படத்துக்கே பெயின்ட் ஆகாது என்பது வேடிக்கைதான். மாட்டாமல் பத்திரப்படுத்துவதானால் மேட்டோடு படுக்கை வசமாக, தரமான பெட்டியில். பி.வி.சி. உறை கூடாது.

இத்தனைக்கும் பிறகு விலை பேசும்போது விற்பவரிடம் ரசீதில் இவற்றை எழுதி வாங்குங்கள்: புகைப்படக்காரர் பெயர், படம் எடுத்த ஆண்டு, அச்சிட்ட காலம், செய்முறை, தாளின் அளவும் படத்தின் அளவும் தனித்தனியாக, கையெழுத்து இருக்கும் இடம், ஸ்டாம்ப் வாசகம் எழுத்துக்கு எழுத்து, குறைகள், வந்த வழி. தவறென்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் அதிலேயே வேண்டும். அச்சிட்ட காலத்தை எழுத மறுத்தால், அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பிற்காலத்தில் அச்சிட்டது, வாழ்நாள் பிரிண்ட், கையெழுத்துள்ளது’ என்று எழுதித் தந்து அதற்குரிய விலை சொன்னால், சாம்பல் நிறங்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில் தயங்காமல் வாங்கலாம். சுவரில் மாட்டி நாள்தோறும் பார்க்கப்போகிறவருக்கு, மங்கிப்போன வின்டேஜைவிட ஒழுங்காகக் கழுவி அச்சிட்ட பிந்தைய பிரிண்டே மேல் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. பிரிண்டை வாங்கினால் தாள்தான் உங்களுடையது. பதிப்புரிமை புகைப்படக்காரரின் வாரிசுகளிடமோ அந்த உரிமையைப் பெற்றவர்களிடமோதான் இருக்கும். காப்பீட்டுக்கும் பதிவுக்கும் முன், பின், ஓரம், ஸ்டாம்ப் என்று படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதையே போஸ்டராகவோ காலண்டராகவோ அச்சிட்டு விற்பதற்கு அனுமதி வாங்க வேண்டும்.